பழைய வீட்டுக்கு முதலில் விலை பேசுவதா, நம் வீட்டை விற்றுவிட்டுப் போவதா?

சிங்கப்பூரின் அங் மோ கியோவிலோ பிடோக்கிலோ 1970களில் கட்டிய ஒரு வீட்டை ஏஜென்ட் திறந்து காட்டுகிறார். சமையலறையில் அந்தக் காலத்து டைல்ஸ். குளியலறைக் கூரையில் சிமெண்டு உரிந்து கம்பி தெரிகிறது. ஜன்னலை இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் அறைகள் பெரியவை, எம்ஆர்டி ரயில் நிலையம் நடக்கிற தூரம், கீழே ஈரச்சந்தை. பக்கத்து புளோக்கில் புதுப்பித்து விற்ற வீட்டைவிட விலையும் குறைவு. “மாலையில் இன்னும் ரெண்டு பேர் பார்க்க வர்றாங்க” என்கிறார் ஏஜென்ட். உங்கள் ஈசூன் நான்கறை வீடோ இன்னும் விளம்பரத்துக்கே போகவில்லை.

முதலில் இதை வாங்கிவிட்டு அதை விற்கலாம். அதை விற்றுவிட்டு வாடகைக்குப் போய், பிறகு நிதானமாக வாங்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்கவும் வழி இருக்கிறது. எதை எடுப்பது என்பதை, வாங்கப்போகும் வீட்டை இழந்துவிடுவோமோ என்ற பயத்தை வைத்துத்தான் பலர் முடிவுசெய்கிறார்கள். விற்கப்போகும் வீடு எவ்வளவு நிச்சயமாக விற்கும், உடைத்துக் கட்டும் செலவுக்கு ரொக்கம் எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் வைத்து முடிவுசெய்வதுதான் சரி என்பது என் கருத்து.

பழைய வீடு ரொக்கத்தைத்தான் கேட்கும்

வீட்டு விலையின் பெரும்பகுதியைக் கடனும் மத்திய சேமநிதியும் (மசேநிதி, சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) பார்த்துக்கொள்ளும். புதுப்பிப்புச் செலவுக்கு மசேநிதியில் ஒரு வெள்ளிகூட எடுக்க முடியாது. வங்கியின் புதுப்பிப்புக் கடனும் 30,000 வெள்ளி அல்லது ஆறு மாதச் சம்பளம், எது குறைவோ அவ்வளவுதான். மதிப்பீட்டுக்கு மேல் கொடுக்கும் சிஓவி தொகையும் ரொக்கம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 600,000 வெள்ளி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மதிப்பீடு 570,000. சிஓவி 30,000. கடனுக்கான கணக்கு குறைந்த தொகையில்தான் நடக்கும் என்பதால், 75 விழுக்காடு வீவக கடன் என்றால் 427,500. மீதி 142,500-ஐ மசேநிதியிலிருந்து கொடுக்கலாம், போதவில்லை என்றால் ரொக்கம். முத்திரை வரி 12,600. புதுப்பிக்க 70,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதில் 30,000-ஐக் கடனாக வாங்கினாலும் கையிலிருந்து 40,000 போகும். சிஓவியைச் சேர்த்தால் 70,000 வெள்ளி சுத்தமான ரொக்கம். நடுத்தரக் குடும்பத்தில் அவ்வளவு ரொக்கம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே, விற்றால் மட்டும் கைக்கு வரும் பணமாக.

அந்தப் பணமும் நினைக்கிற அளவு வராது. விற்றதும் முதலில் மிச்சக் கடன் அடையும். பிறகு வீட்டுக்காக எடுத்த மசேநிதித் தொகை, அதற்குச் சேர்ந்த 2.5 விழுக்காடு வட்டியோடு உங்கள் கணக்குக்கே திரும்பிப் போகும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் ரொக்கம். பதினைந்து, இருபது ஆண்டுகள் இருந்த வீடு என்றால் அந்த வட்டியே பெரிய தொகையாக நிற்கும். ஆகவே விலை பேசப் போவதற்கு முன் மசேநிதி இணையத்தளத்தில் நுழைந்து, இன்று விற்றால் எவ்வளவு திருப்பவேண்டும் என்று பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் போட்டுக் காட்டும் தாளைவிட அது நம்பகமானது.

முதலில் வாங்குவது

இதன் கவர்ச்சி எல்லோருக்கும் புரியும். பழைய வீட்டில் சுவர் உடைப்பதும் தரை பெயர்ப்பதும் நடக்கும்போது நீங்கள் உங்கள் வீட்டிலேயே சமைத்து, தூங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். இரைச்சல் வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் நடக்கலாம், சனி ஞாயிறில் கூடாது. அதனால் வேலை இழுத்துக்கொண்டு போகும். அந்த நாள்களில் இருக்க ஓர் இடம் இருப்பது பெரிய நிம்மதிதான்.

ஆனால் கடிகாரம் ஓடும். ஒரு குடும்பம் இரண்டு வீவக வீடுகளை வைத்திருக்க முடியாது. புதியதை வாங்கி முடித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பழையதை விற்றாகவேண்டும். மறுவிற்பனை விண்ணப்பத்தை வீவக ஏற்றுக்கொண்ட பிறகு முடிய ஏறக்குறைய எட்டு வாரங்கள். அதற்குமுன் 21 நாள் ஓடிபி (விற்பவர் கொடுக்கும் வாங்கும் உரிமைப் பத்திரம்) காலம். இதையெல்லாம் கழித்தால், வாங்குபவரைத் தேட உங்களுக்கு மிஞ்சுவது மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். பார்க்க வருகிறவர் உங்கள் அவசரத்தை மோப்பம் பிடித்துவிட்டால் பேரம் அவர் பக்கம் போய்விடும்.

கடனும் இங்கேதான் உதைக்கும். பழைய வீட்டுக் கடன் தீராமல் இரண்டாவது வீட்டுக் கடன் கேட்டால், வங்கி தரக்கூடிய உச்சம் பொதுவாக 45 விழுக்காடு. குறைந்தது 25 விழுக்காட்டை ரொக்கமாகவும் கட்டவேண்டும். மேலே போட்ட கணக்கில் கடன் 427,500-லிருந்து 256,500-ஆக இறங்கும், ரொக்கம் மட்டும் 142,500 கேட்கும். மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வீவக வீட்டுக் கடன் வரம்பிலும் பழைய தவணை உட்கார்ந்துகொள்ளும். “பிரிட்ஜிங் லோன் போட்டுக்கலாம்” என்று யாராவது சொல்வார்கள். அது விற்ற பணம் கைக்கு வரும்வரை வங்கி கொடுக்கும் குறுகியகாலக் கடன். உங்கள் வீட்டை வாங்க ஆள் உறுதியான பிறகுதான் வங்கி அதைப் பற்றிப் பேசும். ஆளே கிடைக்காதவருக்கு அது பயன்படாது.

பழைய கடன் முழுக்க அடைந்துவிட்டது, மசேநிதியில் நிறைய இருக்கிறது, வீடும் எம்ஆர்டி பக்கத்தில் கேட்டவுடன் போகிற வீடு என்றால் முதலில் வாங்குங்கள். தயங்க வேண்டியதில்லை. ஐம்பது வயதைத் தொட்ட பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

நம்மவர்கள் தவறாமல் பார்க்கவேண்டிய ஒதுக்கீடு

1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை இந்தக் கணக்கையே மாற்றிப்போடும். இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்க வட்டாரத்தில் 12 விழுக்காடு என்பது உச்சவரம்பு. சீனருக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. உங்கள் புளோக்கில் அது நிரம்பிவிட்டது என்றால், உங்கள் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோரை அப்படியே திருப்பி அனுப்பவேண்டி வரும். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு இதற்கு மேலும் ஓர் ஒதுக்கீடு உண்டு. புளோக்கில் 8 விழுக்காடு, வட்டாரத்தில் 5. தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசியான ஒரு குடும்பம் உங்கள் வீட்டை விரும்பினாலும், இந்த ஒதுக்கீட்டில் இடம் இருந்தால்தான் உள்ளே வரமுடியும்.

நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும், காசு பணம் தேவையில்லை. உங்கள் புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் என் பதில் ஒன்றுதான்: முதலில் விற்றுவிடுங்கள். ஆறு மாதக் கெடுவும், சுருங்கிப்போன வாங்குபவர் கூட்டமும், பாதி உடைத்துப்போட்ட புது வீடும் ஒன்றாக வந்து சேரக்கூடாது.

இதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். நீங்கள் ஆசைப்படும் பழைய வீட்டின் புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியிருந்து, விற்பவரும் இந்தியர் என்றால், உங்களுடன் போட்டி போடுவோர் மிகக் குறைவு. நிதானமாகப் பேரம் பேசலாம், “மாலையில் ரெண்டு பேர்” என்ற பேச்சுக்கும் பதற வேண்டியதில்லை. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே நெருக்கடி வரலாம் என்பதையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.

முதலில் விற்பது

பணக் கணக்கில் இதுதான் சுத்தமானது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விலை பேசலாம். சங்கடம் இடைப்பட்ட காலத்தில்தான். வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தால் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீடு என்றால் மூன்று மாதம் என்பது சட்டம். ‘ரெண்டு மாசம் மட்டும்’ என்று முறையான வாடகை வீடு கிடைக்காது. சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தால் அதன் வாடகை புதுப்பிப்புப் பணத்தைத் தின்னும். அக்கா வீட்டில் ஓர் அறை கிடைக்கும் என்றால் நல்லது, ஆனால் பிள்ளைகளோடும் சாமான்களோடும் எத்தனை வாரம் என்பதை அத்தானிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒன்றைக் கவனித்தால் இந்தச் சங்கடம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. வாங்குவது பாழடைந்த வீடு என்பதால் சாவி வாங்கிய அன்றே எப்படியும் குடிபோக முடியாது. முதலில் விற்றாலும் சரி, ஒரே நாளில் முடித்தாலும் சரி, இரண்டு மூன்று மாதத்துக்கு வேறு கூரை தேடத்தான் வேண்டும். உடனே குடிபோகக்கூடிய வீட்டை வாங்குகிறவருக்கு ‘வாடகை வீண்’ என்பது வலுவான வாதம். உங்களுக்கு அது பாதி வாதம்தான்.

இரண்டையும் சேர்த்து முடிப்பது

எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது.

வீவகவில் கான்ட்ரா என்றொரு ஏற்பாடு இருக்கிறது. விற்பனையும் வாங்குதலும் ஒரே நேரத்தில் முடியும். விற்ற பணமும் திரும்பிவரும் மசேநிதியும் நேராகப் புது வீட்டுக்குப் போகும். இரண்டுமே வீவக வீடுகளாக இருக்கவேண்டும். புது வீட்டுக்கு வங்கிக் கடன் எடுத்தால் இந்த வசதி இல்லை. கடனே இல்லாமல் வாங்கவேண்டும், அல்லது வீவக கடனாக இருக்கவேண்டும். இதோடு தற்காலிகத் தங்கல் நீட்டிப்பையும் சேர்த்தால்தான் பழைய வீடு வாங்குகிறவருக்கு முழுப் பயன். உங்கள் வீட்டை வாங்குகிறவர் சம்மதித்தால், விற்பனை முடிந்த பிறகும் மூன்று மாதம்வரை அங்கேயே இருக்கலாம். கட்டி முடித்த வேறு வீட்டை வாங்க நீங்கள் உறுதி செய்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அதாவது புது வீட்டில் உடைப்பு நடக்கும், நீங்கள் பழைய வீட்டில் சோறு வடிப்பீர்கள், வங்கியில் இரண்டு தவணை ஓடாது.

நீட்டிப்புக்குச் சம்மதிக்கும் வாங்குபவர் சும்மா கிடைக்கமாட்டார். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்காக ஓடிவரும் குடும்பத்துக்கு மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை இருக்காது. பெற்றோரோடு வசிக்கும், திருமணத்துக்கு நாள் குறித்திருக்கும் ஜோடி ஒப்புக்கொள்ளலாம். விளம்பரம் போடும்போதே ‘மூன்று மாதம் நீட்டிப்பு வேண்டும்’ என்று எழுதிவிடுங்கள். கடைசியில் சொன்னால் விலையில் வெட்டு விழும்.

கவனிக்காமல் விடப்படும் இன்னொரு சிக்கல். நீங்கள் எடுப்பது இரண்டாவது வீவக கடன் என்றால், விற்று வந்த ரொக்கத்தில் 25,000 வெள்ளி அல்லது பாதி, எது அதிகமோ அதைத்தான் கையில் வைத்துக்கொள்ளலாம். மிச்ச ரொக்கமும் திரும்பிவந்த மசேநிதியும் புது வீட்டுக்கே போகவேண்டும். 80,000 மிஞ்சுகிறது, 70,000-ஐப் புதுப்பிப்புக்கு வைத்திருக்கிறேன் என்று நினைத்தவருக்குக் கையில் நிற்பது 40,000தான். கடன் குறைவது நல்லதுதான், ஆனால் ஒப்பந்தக்காரருக்கு அதை வைத்துச் சம்பளம் போட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே சிலர் கான்ட்ராவை விட்டு வங்கிக் கடனுக்குப் போகிறார்கள். அது தவறும் இல்லை.

ஆயிரம் வெள்ளிக்கு 21 நாள்

வேறு சில நாடுகளில் ‘என் வீடு விற்றால்தான் இதை வாங்குவேன்’ என்று நிபந்தனை போட்டே விலை சொல்லலாம். வீவக மறுவிற்பனையில் அது நடக்காது. வீவக வகுத்துத் தந்த ஓடிபி படிவம்தான் ஒப்பந்தம், பக்கத்தில் எழுதிக்கொள்ளும் தனி உடன்பாடு எதுவும் செல்லாது.

ஆனால் அந்தப் படிவத்துக்குள்ளேயே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. ஓடிபி வாங்க நீங்கள் கொடுப்பது அதிகபட்சம் 1,000 வெள்ளி. அதற்குப் பிறகு 21 நாள்வரை, கடைசி நாள் மாலை 4 மணிவரை, விற்பவர் அந்த வீட்டை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. நீங்கள் கையெழுத்திடாமல் விட்டால் போவது அந்த ஆயிரம் மட்டும்தான். கையெழுத்திட்டுவிட்டால் முன்பணம் மொத்தம் 5,000 வரை போகலாம், அதற்குமேல் பின்வாங்கினால் அந்தப் பணத்தோடு பிரச்சினை நிற்காது. ஆகவே அந்த 21 நாளுக்குள் உங்கள் வீட்டுக்கு ஆள் பிடிப்பதுதான் வித்தை.

அதற்கு முன்னேற்பாடு வேண்டும். விற்கும் எண்ணத்தை வீவகவில் பதிவு செய்து ஏழு நாள் ஆன பிறகுதான் நீங்கள் ஓடிபி கொடுக்க முடியும். பதிவு ஓராண்டு செல்லும், விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள். வாங்குவதற்கு எச்எஃப்இ கடிதம் (வீடு வாங்கும் தகுதியைக் காட்டி வீவக தருவது) இல்லாமல் ஓடிபி வாங்கவே முடியாது, அதையும் எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டை விளம்பரப்படுத்தி, பார்க்க வருகிறவர்கள் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பிறகு அங் மோ கியோ ஏஜென்ட்டுக்கு ஃபோன் போடுங்கள். ஓடிபி கிடைத்த அடுத்த வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவேண்டும், கட்டணம் 120 வெள்ளி. மதிப்பீடு எதிர்பார்த்ததைவிடக் குறைந்து சிஓவி ஏறிவிட்டால், ஆயிரத்தை விட்டுவிட்டு வெளியே வருவது கெட்டிக்காரத்தனம்தான்.

அந்த 21 நாளில் வீட்டையும் நன்றாகப் பார்த்துவிடுங்கள். குத்தகையை முதலில். 1975-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2074-இல் முடியும். வாங்குவோரில் இளையவர் 1979-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் அவருக்கு 95 வயதாகும்வரை அது தாங்காது, எடுக்கக்கூடிய மசேநிதியும் வீவக கடனும் குறையும். அடுத்து, அந்த புளோக்குக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் வந்துவிட்டதா? 1997 வரை கட்டிய புளோக்குகளுக்கு அது உண்டு. குடிமக்களுக்குக் கூரைச் சிமெண்டு உரிவதையும் கழிவுநீர்க் குழாயையும் இலவசமாகச் சரிசெய்வார்கள், கழிவறைகளைச் சிறு பங்குத் தொகைக்குப் புதிதாக்குவார்கள். திட்டம் வரப்போகிறது என்று தெரிந்தும் இருபதாயிரம் போட்டுக் குளியலறை கட்டுவது அநியாயம். அப்புறம் வாஸ்து. கழிவறை ஈசான்ய மூலையில் இருந்தால் அது அங்கேயேதான் இருக்கும், இடம் மாற்ற வீவக விடாது. அம்மாவையோ மாமியாரையோ கையெழுத்துக்கு முன்னால் கூட்டிப்போங்கள், பின்னால் வேண்டாம்.

பழைய தனியார் வீடு என்றால்

மேலே சொன்னதெல்லாம் வீவகவிலிருந்து வீவகவுக்குப் போகிறவர்களுக்கு. பழைய கூட்டுரிமை (கொண்டோ) வீட்டையோ தரைவீட்டையோ குறிவைத்தால் ஓடிபிக்கு வழக்கமாக விலையில் 1 விழுக்காடு, 14 நாள், பிறகு 4 விழுக்காடு. அங்கே ஆயிரம் வெள்ளி விளையாட்டு கிடையாது. வீட்டை விற்காமல் வாங்கும் குடிமக்களுக்குக் கூடுதல் முத்திரை வரி 20 விழுக்காடு, 1.2 மில்லியன் வீட்டுக்கு 240,000 வெள்ளி. குறைந்தது ஒருவராவது குடிமகனாக இருக்கும் தம்பதியர் சேர்ந்து வாங்கி, முதல் வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றால் திருப்பிக் கேட்கலாம். ஆனால் முதலில் கட்டவேண்டும். அப்படி ஒரு தொகையைப் புரட்ட முடிந்தவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது. மற்றவர்கள் விற்றுவிட்டுப் போவதுதான் சரி.

நாள் குறிக்கும்போது

கான்ட்ராவும் மூன்று மாத நீட்டிப்பும் அமைந்துவிட்டால், விண்ணப்பம் போடும் மாதத்தைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். ஆடியில் நம்மவர்கள் குடிபுகமாட்டார்கள், ஏறக்குறைய அதே சமயத்தில் வரும் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனக் குடும்பங்கள் பலர் வீடு வாங்கும் பேச்சையே எடுக்கமாட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டால் ஜூன் தொடக்கத்தில், வைகாசியிலேயே சாவி கிடைக்கும். ஆனியும் ஆடியும் உடைப்புக்கும் டைல்ஸுக்கும் சரியாக இருக்கும், அந்த வேலைகளுக்கு முகூர்த்தம் பார்க்கவேண்டியதில்லை. ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறக்கும், நீட்டிப்பு செப்டம்பர் தொடக்கம்வரை இருக்கும். பால் காய்ச்சுவதற்கு இரண்டு மூன்று வாரம் கைவசம் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் மட்டும் ஆகஸ்ட் முதல் வாரம் என்று சொல்லி வையுங்கள்.